அனுமார் கோயிலுக்கு வெளியே நின்ற எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர் என்றாவது ஒரு நாள் எங்கள் அண்ணனின் ஆட்டோவில் ஏறியவர்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கியதும் அந்தக் காக்கிச் சட்டையைத்தான் உங்கள் கண் முதலில் தேடும். அவர் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று உங்களை அழைத்துவர அவர் இல்லை. நீங்களே வழி விசாரித்து, வேறு யாருடைய வண்டியிலோ ஏறி, எங்கள் வாசலில் வந்து இறங்கினீர்கள்.

நான் அவருடைய ஒரே தங்கை. எழுதிப் பழக்கம் இல்லாதவள். பேச வரும், அது உங்களுக்கே தெரியும். "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று அண்ணன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆகவே பேசுகிற மாதிரியே எழுதிக்கொண்டு போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது தோவாளைக்குப் பக்கத்தில். அப்பாவுக்குப் பூ வியாபாரம். விடியும் முன்னே பிச்சியும் அரளியும் கூடையில் கட்டி, திருவனந்தபுரம் பஸ்ஸின் மேலே ஏற்றி, சாலைக் கடைத்தெருவில் கொண்டு போடுவார். போக வர இருந்த அலைச்சல் தாங்காமல் எங்கள் எல்லாரையும் இங்கேயே கூட்டிவந்து கரமனையில் ஒரு வாடகை வீட்டில் வைத்தார். அண்ணன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். படிப்பில் கெட்டிக்காரராக இருந்த அண்ணன், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பூக்கடையில் போய் நின்றார். பிறகு ஒரு லாரியில் கிளீனர். பிறகு ஆட்டோ ஓட்டப் பழகி, கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் கடைசி வரை அதுவே அவர் தொழில் ஆனது. அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வேளைச் சோறு தவறியதில்லை. அவர் எத்தனை வேளை தவறவிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் "ஸ்டாண்டுலயே கழிச்சாச்சு, சாப்பிட்டாச்சு" என்பார்.

இனி எழுதப் போவதுதான் கடினமானது. அவருடைய கடைசிக் குளியலின்போது உங்களில் பலர் முதல்முறையாக அவர் நெஞ்சையும் முதுகையும் பார்த்தீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நானும் பார்த்தேன். யாரும் என்னிடம் நேரே கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

அப்பா இறந்த வருடம் அண்ணனின் நெஞ்சில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. மிளகு அளவு. பிறகு நெல்லிக்காய் அளவு. பிறகு அது தோளுக்கும் முதுகுக்கும் படர்ந்தது. முகத்திலும் கையிலும் மட்டும் வரவில்லை. அம்மா அவரைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இது யாருக்கும் ஒட்டாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, நிறம் மட்டும்தான் மாறும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு வைத்தியர் எண்ணெய் ஒன்று கொடுத்து வெயிலில் நிற்கச் சொன்னார். தோல் வெந்து கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அன்று வீட்டுக்கு வந்து அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "பொம்பளப் பிள்ள ஒண்ணு வீட்டுல இருக்காளே, இவளை யாரு வந்து கெட்டுவா" என்று சொல்லி அழுதார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வாசலில் நின்று அண்ணன் அதைக் கேட்டுவிட்டார்.

அன்றைக்குப் போட்ட சட்டைதான். சித்திரை வெயிலிலும் உள்ளே பனியன், மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. தெருவே கரமனை ஆற்றில் விழுந்து குளிக்கும். அவர் மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரில் குளிப்பார். "இவன் அம்மை வயித்திலிருந்தே காக்கியோட வந்தவனாக்கும்" என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அம்மா, அவர், நான், மூன்று பேர் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

அப்பா போன பிறகு வீட்டில் கஷ்டம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால், சனிக்கிழமைதோறும் அனுமாருக்கு வெற்றிலை மாலை சாத்தும்படி யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். நகரத்திலேயே ஓர் அனுமார் கோயில் உண்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும், இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும், கேஸ் நடத்துகிறவர்களுமாக எப்போதும் கூட்டம். வெற்றிலை வாங்குவது அண்ணன் வேலை. ஓட்டை ஒடிசல் இல்லாத இலையாகச் சாலைக் கடைத்தெருவில் பார்த்துப் பொறுக்கி வாங்கி வருவார். கட்டுவது அம்மாவும் நானும். எங்களை ஆட்டோவில் ஏற்றிக் கோயில் வாசலில் கொண்டு இறக்குவார். அதற்குமேல் வரமாட்டார்.

ஏன் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கோயிலுக்குள் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. பனியனும் கூடாது. கலெக்டரானாலும் கூலிக்காரரானாலும் இடுப்புக்கு மேலே வெறும் உடம்போடுதான் சாமி முன்னே நிற்க வேண்டும். அது நல்ல வழக்கம்தான். எங்கள் அண்ணன் ஒருவருக்கு மட்டும் அது மதிலாகிவிட்டது.

ஆட்டோக்காரர் வெளியே காத்திருப்பதை யாரும் விசேஷமாக நினைக்க மாட்டார்கள். அதுவே அவருக்கு வசதியாக இருந்தது. வாசலுக்கு நேரே வண்டியைச் சற்றுக் கோணலாக நிறுத்துவார். ஆட்கள் விலகும் சமயம் உள்ளே ஒரு விளக்கு வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கும்பிடுவார். நாங்கள் கவுண்டரில் அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் ரசீது வாங்குவோம். பூசை செய்யும் போற்றி அதை உரக்கப் படிப்பார். ஆள் இல்லாத பெயர் உள்ளே ஒலிக்கும். அம்மா பிரசாத அவலைக் கொண்டுவந்து கொடுத்து, "உனக்கு அவரைப் பாக்க ஒரு நாளாவது வாய்க்கலியே மக்ளே" என்று கண்ணைத் துடைப்பார். "கடலைத் தாண்டினவருக்கு இந்தக் கேட்டைத் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்? அவரு வந்து பாத்துட்டுத்தான் போறாரு, நீங்க வண்டியில ஏறுங்கம்மா" என்பார் அண்ணன். அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு. அந்தச் சிரிப்பை நம்பி நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பையனுக்கு அரசாங்க வேலை. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்பிள்ளைக்குச் சங்கடம், ஆகவே கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். அம்மாவும் சனிக்கிழமை, அனுமார் கோயில் என்று சொல்லிவிட்டார். வேறு ஒரு கோயிலைச் சொல்லியிருந்தாலும் இதே கதைதான், சட்டையை எங்கும் கழற்றத்தானே வேண்டும். அண்ணன் தம்பானூர் போய் பையனையும் அவருடைய அப்பா அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிவந்தார். நாங்கள் முன்னதாகவே பஸ்ஸில் போய், நான் மாலையோடு வாசலுக்கு உள்பக்கம் நின்றேன். அங்கிருந்து வெளியே பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது.

பையனின் அப்பா தங்கமான மனுஷர். "தம்பி, நீங்களும் வாங்க. சட்டையைக் கழத்தி வண்டியில போடுங்க. எல்லாரும் சேந்து கும்பிடுவோம்" என்றார்.

"இல்ல சார், வண்டிய இங்க விட்டா போலீஸ்காரன் சம்மதிக்க மாட்டான்."

"அதுக்கென்ன, வாட்ச்மேன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிடுவோம்."

"நீங்க போய்ட்டு வாங்க சார். நான் இங்க நின்னே கும்பிட்டுக்கிடுவேன். எனக்கு அது மதி, போதும்."

பையனின் அம்மாவுக்கு அது சரியாகப் படவில்லை. "அது என்ன தம்பி, வாசல் வரை வந்துட்டு உள்ள வரமாட்டேங்கியே? வேதத்துல கீதத்துல சேந்து கிறிஸ்தவனாயிட்டியா?"

அண்ணன் பதறிப்போனார். "ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லம்மா. ஊர்ல எங்க பெரியப்பா தவறிட்டாரு. எனக்குத் தீட்டு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். கோயிலுக்குள் வராததற்கு அதைவிட மரியாதையான காரணம் வேறு கிடையாது என்று அந்த நொடியில் தோன்றியிருக்கிறது, பாவம். ஆனால் பெரியப்பா போனால் அண்ணனுக்கு எத்தனை நாள் தீட்டோ, கல்யாணம் ஆகாத தங்கைக்கும் அத்தனை நாள் தீட்டு. நம் வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டார்.

"என்னது? உனக்குத் தீட்டுன்னா கூடப் பொறந்தவளுக்கு இல்லையா?" அந்த அம்மாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "கெட்டிக் குடுக்காத பிள்ளை! அவ உள்ள மாலையோட நிக்கா! தீட்டுக்காரியக் கோயிலுக்குள்ள கொண்டு நிறுத்தி வச்சா எங்களுக்குப் பொண்ணு காட்டுதீங்க?"

எங்கள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா நேரே உள்ளே போய் போற்றியிடம் விஷயத்தைச் சொன்னார். போற்றி பூசையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "ஆருக்காணு புல? நேராணோ?" என்றார். யாருக்குத் தீட்டு, நிஜம்தானா என்று கேட்டார். நிஜமானால் நடையை அடைக்க வேண்டும், சுத்தி செய்து புண்யாகம் முடிந்த பிறகுதான் திறக்க முடியும் என்றார். மாலையும் வெண்ணெயுமாக நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

நடை அடைக்க வேண்டும் என்ற சொல் அண்ணன் காதில் விழுந்தது. தன் பொய்யால் அனுமாருக்குக் கதவு சாத்துவதா என்று அவருக்கு ஆகிவிட்டது. வாசல்படிக்கு ஓடி வந்து, "போற்றி, நடை அடைக்கண்டாம். தீட்டு இல்ல. யாரும் சாகல. நான் பொய் சொல்லிட்டேன்" என்று கத்தினார்.

"பின்னே எந்தினா பொய் பறஞ்ஞது?" பிறகு எதற்காகப் பொய் சொன்னது என்று கேட்டார் போற்றி.

அண்ணன் காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார். பனியனைத் தலைவழியே உருவினார். அத்தனை பேர் முன்னால், உச்சி வெயிலில், நெஞ்சும் தோளும் வெள்ளையும் கறுப்புமாக நின்றார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. அந்த அம்மா தன் பையனை முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். பையனின் அப்பா தரையைப் பார்த்தார்.

போற்றிதான் பேசினார். "இதுகொண்டாணோ? இதினு தெய்வத்தின்றெ முன்னில் ஒரு விலக்குமில்ல. கேறி வரூ." இதற்குத் தெய்வத்தின் முன்னே ஒரு தடையும் இல்லை, உள்ளே ஏறி வாருங்கள் என்று கூப்பிட்டார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வந்தவர்களின் பை அண்ணனின் ஆட்டோவில் இருந்தது. ஆகவே அவர்களைத் தம்பானூரில் கொண்டு விட்டதும் அவர்தான். வழியில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. சிக்னல்ல நிக்கும்போது அந்தப் பையன் மட்டும் 'மன்னிச்சுக்கிடுங்க அண்ணே'ன்னான். நல்ல பையன்தான் மக்ளே" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "உன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "அந்த அம்மைக்கு மருமகளாப் போயிருந்தா நான்லா தினம் அழுதிருப்பேன்! பேசாம எந்திரிச்சு சாப்பிட வாங்க" என்று நான் சத்தம் போட்டேன். எனக்கும் அழுகைதான், சத்தம் போட்டு மறைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள்.

பிறகு என் கணவரின் ஜாதகம் வந்தபோது, அண்ணன் யாரையும் கேட்கவில்லை. இவர் வேலை பார்த்த லேத் பட்டறைக்கே போய், வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், சட்டையைத் திறந்து காட்டி, "இதைப் பாத்துட்டுப் பேசுங்க" என்றாராம். "நான் கெட்டப் போறது உங்களையா அண்ணே?" என்று கேட்டாராம் இவர். அந்த ஒரு கேள்விக்காகவே இவரை நான் இத்தனை வருடமாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தார். "ஒரு தடவ ஜனங்க பாத்துட்டுத் திரும்பிப் போனதே எனக்குப் போதும்மா. இன்னொரு தடவ பாக்கத் தெம்பில்ல" என்று முடித்துவிட்டார். அம்மா அந்தக் குறையோடேயே கண்ணை மூடினார். அதன்பின் எங்கள் வீட்டுத் தின்பண்டம் எதிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு, பண்டிகை எதிலும் முதல் ஆள் அவர்தான். ஸ்டாண்டில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அவர் வண்டிதான் கிளம்பும். கழக்கூட்டம் ஊரிலுள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிற பெண்பிள்ளைகள், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் இந்த அங்கிள் வண்டிதான் வேண்டும் என்று சொல்லிவைப்பார்களாம். சனிக்கிழமை வெற்றிலை மாலையும் நிற்கவில்லை. நான் உள்ளே, அவர் வெளியே. "இப்பதான் எனக்குக் கல்யாணம் ஆயிட்டே, இனி யாருக்காக வெளிய நிக்கீங்க?" என்று கேட்டால், "நாளைக்கு உனக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கும்லா" என்பார்.

இருந்தாள். என் மகள் அவருடைய உயிர். அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது அவள் உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு கண் இமையில், விரல் நுனிகளில். அண்ணனுக்கு மறைக்க முடிந்த இடத்தில் வந்தது. இவளுக்கு ஊர் பார்க்கும் இடத்திலேயே வந்தது. பள்ளியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை, வெண்தோலுக்கு இங்கே சொல்லும் "பாண்டு" என்ற பேரைச் சொல்லி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் குளியலறையில் வெகுநேரம் சத்தமே இல்லை என்று கதவைத் தட்டித் திறந்தால், தேங்காய் நாரை வைத்து உதட்டோரத்தைத் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிய நின்றுகொண்டிருந்தாள். மருந்து போட்டுவிட்டது அண்ணன். அன்று அவர் சாப்பிடவில்லை. "எங்கிட்ட இருந்துதான் இவளுக்குப் போயிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம், அதில் யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னதை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை.

அந்தச் சனிக்கிழமை மகள் கோயிலுக்குள் வரமாட்டேன் என்றாள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, "நான் மாமாகூட இங்கேயே இருக்கேன்" என்று ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தனியாக உள்ளே போய் மாலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் அவள், இருவரும் உள்ளே தெரிந்த அந்த ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டு கையைக் கூப்பியிருந்தார்கள். ஐயோ அனுமாரே, இன்னொன்றையும் வெளியே நிறுத்திவிட்டாயா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நான் உள்ளே இருந்தபோது அவள் அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அதை அன்று மாலை அண்ணனே என்னிடம் சொன்னார். "மாமா, நம்மள மாதிரி உள்ளவங்க உள்ள போகக்கூடாதா?" என்று கேட்டாளாம். "நம்மள மாதிரின்னு சொல்லிட்டா மக்ளே. நான் வெளிய நின்னு நின்னு இவளுக்கும் அதையே படிச்சுக் குடுத்துட்டேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, வண்டியை நிறுத்தினார். இறங்கினார். சட்டையையும் பனியனையும் கழற்றி மடித்துச் சீட்டில் வைத்தார். மகளின் முகத்திலிருந்த துப்பட்டாவை மெதுவாக விலக்கி, "வா குட்டி, நாம ரெண்டு பேரும் போயி அவரைப் பாத்துட்டு வருவோம்" என்று கையை நீட்டினார். வாசல்படிக்கு வந்ததும் ஒரு முறை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டாண்டிலும் ரோட்டிலும் எதற்கும் அஞ்சாத மனுஷர்.

பார்த்தார்கள். பார்க்காமல் இருப்பார்களா? ஓர் அம்மா தன் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒருவர் வழிவிடுகிற மாதிரி விலகினார், அது மரியாதையால் அல்ல. அண்ணன் மகளின் கையை விடவில்லை. வரிசையில் நின்று சன்னதி முன்னே போனார்கள். போற்றிக்கு அதற்குள் வயதாகியிருந்தது. ரசீதைப் பார்த்து அண்ணனின் பெயரையும் நட்சத்திரத்தையும் படித்துவிட்டு, வழக்கப்படி என் பக்கம் கையை நீட்டினார். அண்ணன், "ஞானாணு போற்றி, அந்தப் பேருக்காரன் நான்தான்" என்றார். போற்றி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "ஆளு வந்நோ!" என்றார், ஆள் வந்துவிட்டாரா என்று. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். அனுமாருக்குச் சாத்தியிருந்த மாலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அண்ணன் கையிலும், சந்தனத்தை மகளின் கையிலும் கொடுத்தார்.

அண்ணன் வெகுநேரம் அனுமாரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பிறகு என் பக்கம் சாய்ந்து ரகசியமாக, "நான் பெரிய ஆளா இருப்பாருன்னுலா இத்தனை வருசமா நெனச்சிட்டிருந்தேன். இத்தனூண்டு இருக்காரு!" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத சிரிப்பு அது.

அதன் பிறகு சில மாதங்கள்தான். ஆனால் ஒரு சனிக்கிழமையும் அவர்கள் இருவரும் விடவில்லை. கரமனை ஆற்றிலும் ஒரு நாள் இறங்கிக் குளித்தார். அவருக்கு அதெல்லாம் இன்னும் பத்து வருடம் கிடைத்திருக்கக் கூடாதா?

மறைத்தே பழகியவர் வயிற்று வலியையும் மறைத்துவிட்டார். மெலிந்ததைக் கேட்டதற்கு வெயில் என்றார். சாப்பாட்டை ஒதுக்கியதற்கு விரதம் என்றார். ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்து, ஸ்டாண்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மெடிக்கல் காலேஜில் பார்த்த டாக்டர், வயிற்றில் புற்று, முற்றிவிட்டது, வீட்டாருக்கு எதுவும் தெரியாதா என்று கேட்டார். தெரியாது டாக்டர், எங்கள் அண்ணனுக்கு எதையும் மறைக்கத் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

வார்டில் அவர் சட்டை போடவில்லை. படிக்கிற டாக்டர் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். "நல்லா பாத்துக்கிடுங்க, இது ஒட்டாது கேட்டோ" என்று அவர்களுக்கே பாடம் எடுப்பார். கடைசிச் சனிக்கிழமை, மாலை கட்டியாயிற்றா என்று கேட்டார். நான் அவரைவிட்டு நகர முடியாத நிலை. மகள், "நான் போறேன் மாமா" என்று எழுந்தாள். முகத்தை மூடாமல், அவளாகவே பஸ் ஏறிப் போய், மாலையைக் கொடுத்துவிட்டு அவலோடு திரும்பினாள். அண்ணனால் விழுங்க முடியவில்லை. ஒரு பொட்டை அவர் நாக்கில் வைத்தாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா குட்டி?" என்று கேட்டார். "சொன்னாங்க மாமா. நான் போய்ட்டே வந்துட்டேன்" என்றாள். அவர் கண்ணை மூடிச் சிரித்தார். அதற்கடுத்த இரண்டாம் நாள் விடியற்காலையில் என் மடியில் அவர் மூச்சு அடங்கியது. எனக்கு அப்பா முகம் அவ்வளவாக நினைவில்லை. எனக்கு அப்பாவும் அன்றுதான் போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ரத்தம் கொடுக்கவும் ராத்திரி காவல் இருக்கவும் முறை வைத்து வந்த கிழக்கேகோட்டை ஸ்டாண்டுச் சகோதரர்கள், அவரைக் கடைசியாகக் கொண்டுபோன அன்று ஒரு வண்டியும் ஓட்டாமல் பின்னால் வந்தவர்கள், வார்டில் அவரை "சேட்டா" என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்கள், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, தள்ளாத வயதிலும் விசாரிக்க வந்த போற்றி, மகனாக நின்று கொள்ளி வைத்த என் கணவர். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்து கடன் தீர்ப்பேன்!

இதையெல்லாம் அச்சில் போட வேண்டாம் என்று நம் சொந்தத்தில் ஒரு பெரியம்மா எனக்குப் புத்தி சொன்னார். "பொம்பளப் பிள்ள வச்சிருக்க. நாளைக்கு அவளுக்கும் ஒருத்தன் வந்து பாக்கணும்லா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எழுதியதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வெகுநேரம் அழுதாள். பிறகு, "போடுங்கம்மா" என்றாள்.

அட்டையில் இருக்கும் படம் ஒரு சனிக்கிழமை கோயில் வாசலில் ஸ்டாண்டு நண்பர் ஒருவர் எடுத்தது. சட்டையில்லாமல், சந்தனத்தோடு, சிரித்துக்கொண்டு நிற்கிறார். அச்சகத்திலிருந்த பையன் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிக் காட்டி, "சேச்சி, ஈ வெள்ளையெல்லாம் மாய்ச்சுத் தரட்டே? அஞ்சு நிமிஷம் மதி, ஒண்ணும் தெரியாது" என்று கேட்டான், அந்த வெள்ளையை அழித்துவிடட்டுமா என்று. நான் வாயைத் திறப்பதற்கு முன்னே மகள் சொன்னாள்: "வேண்டா சேட்டா. அது போனா இது எங்க மாமா இல்ல."

ஆகவே அவர் எப்படி இருந்தாரோ அப்படியே உங்கள் கைக்கு வந்திருக்கிறார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். இது யார் என்று அவர்கள் கேட்டால், எங்கள் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்.